தூரிகையிலிருந்து துவாஸ் வரை

சிங்கப்பூர்த் தமிழரிடம் துவாஸ் என்று சொன்னால் கப்பல் பட்டறை, ஊழியர் தங்குவிடுதி, ஜொகூருக்குப் போக 1998இல் திறந்த இரண்டாம் இணைப்புப் பாலம், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பும் கூட்டம் என்றுதான் பேச்சு போகும். தீவின் மேற்கு நுனியில் மீனவர் குடியிருந்த இடம் அது. கடலைத் தூர்த்து நிலமாக்கித் தொழிற்பேட்டையானது. அங்கே ஓசையில்லாமல் நடக்கும் இன்னொரு தொழிலுக்குப் பொதுப்பேச்சில் பெயரே இல்லை. அது சவ்வுத் தொழில். கடல்நீரைக் குடிநீராக்கும் மூன்று ஆலைகள் 2005, 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் துவாஸில் எழுந்தன. அதே வட்டாரத்தின் உயிர்மருந்துப் பூங்காவில் புரதங்களை வளர்த்து மருந்தாக்குகிறார்கள். சற்றுக் கிழக்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சவ்வு ஆய்வு மையம், உயிரணுவின் தோலைச் செயற்கையாகச் செய்து அதில் தண்ணீரை வடிக்கப் பார்த்தது. இந்த வரலாற்றை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, ஜொகூர்த் தண்ணீரை நம்பியிருந்த சிறுநாட்டின் அரசியல் பிடிவாதம். மற்றது, மேதைகள் சிலர் புதுப்பொருள் கண்டுபிடித்த கதை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனாலும் இரண்டும் ஒரு முக்கியமான திருப்பத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. சவ்வைக் கையால் செய்வதை விட்டு, ஒன்றுபோல் இன்னொன்றை எந்திரத்தில் செய்யவும், செய்ததை ஓயாமல் அளக்கவும் கற்றுக்கொண்டதுதான் அந்தத் திருப்பம். துவாஸ் அதனால் வந்த ஊர்.

உயிரணுச் சவ்வின் ஆய்வு தொடக்கத்திலிருந்தே அளவையோடு மல்லுக்கட்டிய ஆய்வு. 1925இல் நெதர்லாந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பில் ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பரப்பிப் பார்த்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இடத்தை அது பிடித்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு என்றார்கள். முடிவு சரி. வழியில் பிழை இரண்டு. கொழுப்பை முழுதாக எடுக்கவில்லை. உலர்ந்த அணுவை அளந்ததால் மேற்பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். ஒரு பிழையை இன்னொரு பிழை சரிக்கட்டிவிட்டது என்பது நாற்பது ஆண்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே 1925இல் அமெரிக்காவில் ஃபிரிக்கே என்பவர் சிவப்பணுக் கரைசலில் மின்சாரம் செலுத்தி, சவ்வின் மின்தேக்குத் திறனிலிருந்து அதன் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர் என்று கணக்கிட்டார். அணுவின் தோலை எவரும் கண்ணால் பார்க்காத காலம் அது. 1962இல் பிலடெல்பியாவில் முல்லர், ரூடின் குழுவினர் அந்தத் தோலைச் செயற்கையாகவே உண்டாக்கினார்கள். உப்புநீருக்குள் ஒரு தடுப்பு. தடுப்பில் ஒரு சிறு துளை. மாட்டு மூளையிலிருந்து எடுத்த கொழுப்புக் கரைசலைத் தூரிகையில் தொட்டுத் துளையின் மேல் பூசினார்கள். படலம் மெலிந்துகொண்டே வந்து, ஒளியைத் திருப்பாத அளவுக்கு மெல்லியதானதும் கறுப்பாகத் தெரியும். அதுதான் இரட்டையடுக்கு. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது பூசியவரின் கைப்பழக்கத்தையும் மேசையின் அதிர்வையும் பொறுத்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், சவ்வின் ஊடே அயனிகளை விடும் வாய்க்கால்களைப் பற்றி அறிந்தவற்றில் ஒரு பகுதி இப்படிப் பூசியும் உடைந்தும் மறுபடி பூசியும் பெற்றதுதான்.

தண்ணீர் வடிக்கும் சவ்வின் பிறப்பும் இதே சாயலில்தான் நடந்தது. செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பைத் தடுக்கிறது என்பதை 1950களின் இறுதியில் புளோரிடாவில் ரீட் என்பவர் காட்டியிருந்தார். ஆனால் தண்ணீர் சொட்டுச்சொட்டாகத்தான் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். கடையில் கிடைத்த வடிதாளைச் சூடாக்கிச் சோதித்தபோது ஒரு விநோதம் தெரிந்தது. ஒரே தாள் ஒரு பக்கம் போட்டால் உப்பைத் தடுத்தது. புரட்டிப் போட்டால் தடுக்கவில்லை. அதாவது வேலை செய்வது முழுத் தடிமனும் அல்ல, ஒரு பக்கத்து மெல்லிய தோல் மட்டும்தான். 1960 வாக்கில் கண்ணாடித் தகட்டில் கரைசலை ஊற்றி, அலகால் இழுத்து, குளிர்நீரில் அமிழ்த்தி அந்த ஒருபக்கத் தோலைத் தாங்களே செய்தார்கள். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் இந்தச் சவ்வில் வடித்த நீரைக் குடித்தது. கண்டுபிடிப்பு என்ற கணக்கில் கதை இங்கேயே முடிந்துவிட்டது. கடல்நீருக்கும் கழிவுநீருக்கும் வேண்டிய அறிவியல் அப்போதே கையில் இருந்தது.

அப்படியானால் சிங்கப்பூர் ஏன் நாற்பது ஆண்டு காத்திருந்தது? இந்தக் கேள்விக்கு 1974இல் ஜூரோங்கில் கட்டிய சோதனை ஆலைதான் நேரான பதில். பயன்படுத்திய நீரை மீண்டும் சுத்தமாக்கும் முயற்சி அது. அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைச் சவ்வின் வழியே தள்ளி உப்பைத் தடுக்கும் எதிர் சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) அதில் ஓர் அங்கம். 1963–64இல் தண்ணீர் பங்கீடு போட்டு வாழ்ந்த அனுபவம் பசுமையாக இருந்த காலம். மலேசியாவைப் பிரிந்து பத்தாண்டு ஆகவில்லை. 1972இல் தண்ணீர்ப் பெருந்திட்டமும் வகுத்தாகிவிட்டது. அரசியல் உறுதி வேண்டிய அளவுக்கு இருந்தது. ஆலையை மட்டும் 1975இலேயே மூடிவிட்டார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, கருவிகளை நம்ப முடியவில்லை என்பவை காரணங்கள். அரசியல் உறுதிதான் எல்லாவற்றையும் சாதித்தது என்போர் இந்த மூடுவிழாவைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். உறுதி அன்றும் இருந்தது. அன்று இல்லாதது, நூறாவது சவ்வும் முதல் சவ்வைப் போலவே இருக்கும் என்ற நிச்சயம்.

அந்த நிச்சயத்தைக் கொண்டுவந்தவர் ஜான் காடாட் என்ற அமெரிக்க வேதியியலாளர். 1970களில் அவர் பக்குவப்படுத்திய முறையில் ஒரு நுண்துளைத் தாளை ஒரு வேதிப்பொருள் கரைந்த நீரில் நனைத்து, அதன்மேல் இன்னொரு வேதிப்பொருள் கரைந்த எண்ணெய் போன்ற திரவத்தை ஓடவிட வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், பால் காயும்போது ஏடு படிவதுபோல, பாலிஅமைடுப் படலம் ஒன்று உடனே உருவாகும். உருவான படலமே இரண்டு பொருளும் மேலும் கலக்காமல் தடுத்துவிடுவதால், அது சில நூறு நானோமீட்டருக்குள் தானாகவே நின்றுவிடும். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கேதான் வேதிவினை தொடரும். அதனால் ஓட்டையும் தானே அடைபடும். பழைய செல்லுலோஸ் சவ்வைவிட இது உப்பை நன்றாகத் தடுத்தது, தண்ணீரைக் கூடுதலாக விட்டது என்பதெல்லாம் உண்மை. பொருள் மாறியதுதானே வெற்றிக்குக் காரணம் என்று கேட்பவருக்கு இதில் பிடிமானம் இருக்கிறது. ஆனால் உப்பைத் தடுக்கும் பொருட்கள் எத்தனையோ ஆய்வுக்கூடத்தில் வந்து போயின. பாலிஅமைடு நிலைத்ததற்குக் காரணம், எந்திர உருளையில் மைல்கணக்கில் ஓடும் தாளில், யாருடைய கைநயமும் தேவைப்படாமல், தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு அது படிகிறது என்பதுதான். அந்தத் தாளைச் சுருட்டி எட்டு அங்குல விட்டமும் நாற்பது அங்குல நீளமும் கொண்ட உருளையாக்கினால் உள்ளே சுமார் 37 சதுர மீட்டர் பரப்பு அடங்கும். யார் செய்த உருளையானாலும் யாருடைய குழாயிலும் பொருந்தும். சென்னையில் வீட்டுச் சமையலறையில் தொங்கும் ஆர்.ஓ. பெட்டிக்குள் இருப்பதும் இதன் குட்டிதான். மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் வந்த, நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் ஆலைகள் நிற்பதும் இதன்மேல்தான்.

அளவையின் பங்கு இதைவிடப் பெரியது. சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் 1998இல், பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர் பற்றிய ஆய்வைத் தொடங்கி, 2000இல் பிடோக்கில் நாளுக்கு 10,000 கனமீட்டர் தரும் செயல்விளக்க ஆலையை ஓட்டியது. இரண்டு ஆண்டுகளில் சுமார் 190 குணங்களைப் பற்றி ஏறத்தாழ 20,000 சோதனை முடிவுகள் சேர்ந்தன. எலிக்கும் மீனுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர்கள் அடங்கிய குழு ஒன்று எல்லாவற்றையும் சரிபார்த்தது. அதன் பிறகே 2002 தேசிய தின அணிவகுப்பில் ஏறத்தாழ 60,000 பேர் புதுநீர்ப் புட்டியை உயர்த்திக் குடித்தார்கள். ஊர்வலமும் விளம்பரமும்தான் எல்லோர் நினைவிலும் தங்கியிருக்கின்றன. ஆனால் 20,000 முடிவுகள் இல்லாமல் அந்தப் புட்டியை யாரும் உயர்த்தியிருக்க முடியாது. 2005 செப்டம்பரில் துவாஸில் சிங்ஸ்பிரிங் ஆலை நாளுக்கு 1,36,000 கனமீட்டர் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அவசியம் விளங்கும். ஒரு சதுர மீட்டர் சவ்வு மணிக்கு 14 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அளவு நீருக்கு நாலு லட்சம் சதுர மீட்டர் சவ்வு வேண்டும். உருளைக் கணக்கில் பத்தாயிரத்துக்கு மேல். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு. வடிந்த நீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கசிந்து கலந்தாலும் லிட்டருக்கு 350 மில்லிகிராம் உப்பு ஏறிவிடும். பத்தாயிரம் உருளையில் எது கசிகிறது என்று நாக்கில் விட்டுப் பார்க்க முடியாது. மின்கடத்துத் திறனை அளக்கும் கருவி இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இழைச் சவ்வுகளால் முன்வடிகட்டும் ஆலைகளில், அந்த இழைகளில் காற்றை அடைத்து, அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்து அறுந்த இழையைப் பிடிக்கும் சோதனையும் தானியங்கிதான்.

விலையை வைத்து ஒருவர் என்னை மறுக்கலாம், அல்லது எனக்கு ஆதரவாகவே பேசலாம். சிங்ஸ்பிரிங்கின் முதலாண்டு விலை கனமீட்டருக்கு 78 காசு. 2013இல் திறந்த துவாஸ்பிரிங் கேட்டது 45 காசு. தொழில்நுட்பம் முதிர்ந்ததால் விலை பாதியை நோக்கி இறங்கியது என்று சொன்னால் வாதத்துக்கு அழகாக இருக்கும். அந்தச் சான்றை நான் எடுக்கமாட்டேன். ஒலிவியா லம் 1989இல் தொடங்கிய ஹைஃபிளக்ஸ் நிறுவனம், துவாஸ்பிரிங் ஆலையோடு ஒரு மின்நிலையத்தையும் கட்டி, மிச்ச மின்சாரத்தை விற்றுக் கணக்கை நேர்செய்யலாம் என்று எண்ணியிருந்தது. மின்விலை சரிந்தது. 2018இல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2019இல் ஆலையைப் பொதுப் பயனீட்டுக் கழகம் எடுத்துக்கொண்டது. 2021இல் நிறுவனம் கலைப்புக்குப் போனது. சேமிப்பைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பங்கள் அடிபட்டன. சவ்வு எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் சந்தை தன் வழியில் போகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரிமையாளர் மாறியபோதும் ஆலை தண்ணீர் தந்துகொண்டுதான் இருந்தது. நடத்துபவர் யாரானாலும் வேலை செய்யும் பொருளாகச் சவ்வு மாறிவிட்டதன் அடையாளம் அது. கைத்தொழிலாக இருந்திருந்தால் கைகள் வெளியேறிய அன்றே எல்லாம் நின்றிருக்கும்.

இனி உயிரணுச் சவ்வுக்கு வருவோம், ஏனென்றால் இரண்டு வரலாறுகளும் இந்த வட்டாரத்தில்தான் ஒன்றையொன்று தொட்டன. அணுவின் தோலில் தண்ணீருக்கென்றே ஒரு புரதவாயில் இருப்பதை 1992இல் பீட்டர் ஆக்ரே காட்டினார். 2003இல் நோபல் பரிசு பெற்றார். அக்குவாபோரின் என்ற அந்தப் புரதம் ஒவ்வொன்றும் நொடிக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட நீர் மூலக்கூறுகளை விடும், உப்பை விடாது. ஆர்.ஓ. பொறியாளருக்கு இதைக் கேட்டால் நாக்கில் நீர் ஊறாதா? நன்யாங்கின் சவ்வு மையத்தில் டென்மார்க்கின் அக்குவாபோரின் நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த ஆய்வின் பலன் 2012இல் வெளிவந்தது. ஈ. கோலை நுண்ணுயிரின் வாயிற்புரதத்தைக் கொழுப்புக் குமிழிகளில் பதித்து, அந்தக் குமிழிகளைக் காடாட்டின் முறையில் படியும் பாலிஅமைடுக்குள் சிக்கவைத்தார்கள். 200 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரப்புள்ள தாள்கள் கிடைத்தன. உவர்நீருக்கு விற்கும் பெயர்பெற்ற வணிகச் சவ்வைவிட 40 விழுக்காடு கூடுதலாகத் தண்ணீர் விட்டன. என்னைக் கவர்ந்தது அந்த 40 அல்ல. ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி வேலை செய்யாமல் முடக்கிய புரதத்தை வைத்தும் ஒரு சவ்வு செய்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். குமிழி சேர்ந்ததால் மட்டும் வந்த மாற்றமா, உயிருள்ள வாயிலால் வந்த மாற்றமா என்று பிரித்தறிய வேறு வழி இல்லை. குமிழிகளைத் தனியே அளக்கவும் ஒரு கருவி உண்டு. உப்புக் கரைசலோடு அவற்றை மின்னல் வேகத்தில் கலந்து, தண்ணீர் வெளியேறிக் குமிழி சுருங்குவதை ஒளிச்சிதறலில் பார்ப்பார்கள். எல்லாம் முடிவது ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள். கையால் இதைச் செய்ய முடியாது.

பிறகு ஏன் துவாஸின் ஆலைகளில் அந்தப் புரதச் சவ்வு குடிபுகவில்லை? ஒரு பதிலை யேல் பல்கலைக்கழகத்தின் எலிமெலெக்கும் பிலிப்பும் 2011இலேயே சொல்லிவிட்டார்கள். கடல்நீரில் பாதியைக் குடிநீராகப் பிரிக்க இயற்கை விதியே கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் கனமீட்டருக்குச் சுமார் 1.06 கிலோவாட் மணி. நல்ல ஆலைகளில் சவ்வில் வடிக்கும் கட்டம் மட்டும் ஏற்கெனவே அதை நெருங்கி வந்துவிட்டதால், இன்னும் வேகமாக நீர்விடும் சவ்வால் பெரிய மிச்சம் வராது. மூன்று மடங்கு வேகமான சவ்வாலும் கடல்நீரில் ஆற்றல் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் குறையும் என்று 2014இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் கணக்கிட்டார்கள். இது கனமான மறுப்பு. பொதுப் பயனீட்டுக் கழகமும் ஒரே வழியை நம்பி இருக்கவில்லை. அப்போது முழு ஆலைக்கும் சேர்த்துக் கனமீட்டருக்கு 3.5 கிலோவாட் மணி அளவில் இருந்த ஆற்றல் செலவைக் குறைக்க, மின்புலத்தால் உப்பைப் பிரிக்கும் முறையைத் துவாஸிலுள்ள தன் ஆய்வு ஆலையில் சோதித்தது. ஆனால் ஆற்றல் கணக்கு பதிலின் ஒரு பாதிதான். 200 சதுர சென்டிமீட்டர் தாளை வைத்து சிங்ஸ்பிரிங் அளவு ஆலையை நிரப்ப இரண்டு கோடித் தாள் வேண்டும். ஒவ்வொன்றிலும் புரதம் ஒரே அளவில், ஒரே உயிர்ப்போடு இருக்கிறது என்று யார் உறுதி சொல்வது? 1974இல் ஜூரோங்கில் எழுந்த கேள்வி, பொருள் மாறி அப்படியே திரும்பி வந்து நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை கண்ட துறைகள் உண்டு. என் வாதத்துக்கு அவைதான் உறுதியான துணை. ஆக்ஸ்போர்டு நானோபோர் நிறுவனம் 2014இல் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மின்அயன் என்ற கைக்கடக்கக் கருவியில், டி.என்.ஏ. எழுத்துகளைப் படிப்பது செயற்கைச் சவ்வில் பதித்த புரதத் துளைகள். 2,048 குழிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சவ்வு. எளிதில் உடையும் கொழுப்புக்குப் பதிலாகப் பல்லுறுப்பி. கருவியை இயக்கியதும் அது செய்யும் முதல் வேலை, எத்தனை துளைகள் உயிரோடு இருக்கின்றன என்று தானே எண்ணிச் சொல்வது. முல்லர், ரூடின் குழுவின் தூரிகை நாலு பத்தாண்டுகளில் செய்திருக்கக்கூடிய சவ்வுகளை ஒரு தொழிற்சாலை ஒரு காலை வேளையில் செய்து, சோதித்து, பெட்டியில் அடைக்கிறது. இன்னொரு எடுத்துக்காட்டு துவாஸுக்கே உரியது. 1960களில் இங்கிலாந்தில் பாங்கம் கண்ட கொழுப்புக் குமிழிகளை ஆய்வுக்கூடத்தில் செய்வது குடுவைச் சுவரில் உலர்த்தி, நீர் ஊற்றிக் குலுக்கும் வேலை. ஒரு தடவை வந்த அளவு மறுதடவை வராது. கொரோனாத் தடுப்பூசியின் எம்.ஆர்.என்.ஏ.வைச் சுமந்த கொழுப்புத் துகள்கள் அந்தப் பரம்பரையில் வந்தவை. ஆனால் அவற்றை, இரண்டு ஓடைகளை நுண்குழாயில் மோதவிட்டு, ஓட்ட வேகத்தால் அளவைக் கட்டுப்படுத்தி, எந்திரமே செய்தது. தடுப்பூசி செய்த பயோஎன்டெக், துவாஸ் உயிர்மருந்துப் பூங்காவில் நோவார்ட்டிஸின் ஆலை ஒன்றை வாங்குவதாக 2022இல் அறிவித்ததற்கு, இந்த வகை ஒழுங்கு ஏற்கெனவே பழகிய மண் அது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தானியங்கிமேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கலாமா என்று கைவினையாளர் கேட்பார், கேட்க உரிமையும் உண்டு. புரட்டிப் போட்டால் தாள் வேலை செய்யவில்லை என்ற விநோதத்தைக் கண்டது சௌரிராஜனும் லோபும்தான். எந்திரமாக இருந்தால் அந்தத் தாளைப் பழுது என்று ஒதுக்கியிருக்கும். கோர்ட்டரும் கிரெண்டலும் செய்த பிழையை ஒரு தானியங்கி ஆயிரம் தடவை திருத்தமாகத் திரும்பச் செய்திருக்கும். அளவு அதிகமாவதால் மட்டும் அளவை சரியாகிவிடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் தொட்டுக்காட்டுவது கண்டுபிடிப்பின் காலையை. ஊருக்குத் தண்ணீர் தருவது வேறு வேலை, அதில் விநோதத்துக்கு இடமில்லை. சவ்வு ஆலைகளில் இன்றும் ஒரு கைவேலை மிஞ்சியிருக்கிறது. பழுதான உருளையை மேசையில் வைத்து அறுத்து, தாளை விரித்து, எங்கே படிவு, எங்கே கிழிசல் என்று பார்ப்பார்கள். பிரேதப் பரிசோதனை என்றே அதற்குப் பெயர். செத்த பிறகு கண், உயிரோடு இருக்கும்வரை கருவி. வேலை இப்படிப் பிரிந்திருப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

புரதச் சவ்வுக்கு இன்னும் வாய்க்காதது அந்த இரண்டாவது பாதி, உயிரோடு இருக்கும்போதே அளக்கும் கருவி. ஆய்வுக்கூடத்தில் முடக்கிய புரதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஓடும் ஆலையில் அப்படி ஒரு ஜோடி கிடையாது. மின்கடத்துத் திறன் அளவி உப்பு கசிந்தால் சொல்லும். வந்த தண்ணீர் புரதத்தின் வாயில் வழியாக வந்ததா, சுற்றியுள்ள பாலிஅமைடு வழியாகவே வந்ததா என்று அது சொல்லாது. குளோரினும் கழுவு அமிலமும் பட்டு வாயில்களில் பாதி செத்துப்போனாலும் குழாயில் ஓட்டம் மெல்லக் குறையும். சாதாரண அழுக்குப் படிவாலும் அப்படித்தான் குறையும். இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு கருவி, உருளைக்கு உள்ளேயே உட்கார்ந்து எண்ணும் அளவுக்கு மலிவாக வரும்வரை, துவாஸின் அழுத்தக் குழாய்களில் காடாட்டின் பாலிஅமைடுதான் சுருண்டு கிடக்கும்.